இடிமழை இரவுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி: தோட்டப்பட்டண வீடுகளுக்குப் பவர் ஸ்டேஷனும் சோலார் தகடும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்பட்டணங்களில் மின்சாரம் பெரும்பாலும் பிற்பகல் இடிமழையோடு சேர்ந்துதான் போகிறது. காற்றில் முறிந்த கிளை கம்பியின்மேல் சாய்கிறது, அல்லது மின்னல் பாய்ந்து கம்பத்து டிரான்ஸ்பார்மரின் பியூஸ் போய்விடுகிறது. பழுது பார்ப்பவர்கள் செம்பனைக் காட்டு வழியாக வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். மின்சாரம் இல்லாத நேரமும் வெயில் இல்லாத நேரமும் ஒன்றாகவே வருவதால், சோலார் தகட்டை வாங்கி மாட்டிவிட்டால் மின்தடைக்குத் தயாராகிவிட்டோம் என்று நினைப்பது சரியாகாது. இரவைக் கடத்துவது பவர் ஸ்டேஷன் எனப்படும், சாதனங்களை நேராகச் செருகக்கூடிய பேட்டரிப் பெட்டிதான். அந்தப் பேட்டரியைச் சுவர்ப் பிளக்கிலிருந்தே முன்கூட்டி நிரப்பி வைக்கலாம். தகடு உதவுவது மறுநாளும் மின்சாரம் வராதபோதுதான். 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டதைப் போன்ற பெருந்தடைகள் அரிது. நம் வீடுகள் சமாளிக்க வேண்டியது பெரும்பாலும் சில மணி நேரத் தடையைத்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிட வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன், இருட்டானது உங்கள் வீடு மட்டும்தானா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். இடி இடிக்கும்போது வீட்டு மின் பெட்டியிலுள்ள, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் தானாக விழுந்துவிடுவது நம் நாட்டில் மிகச் சாதாரணம். தெருவிளக்கும் அண்டை வீட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் அந்த சுவிட்சை மீண்டும் தூக்கிவிட்டாலே போதும். திரும்பத் திரும்ப விழுந்தால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகி, எந்தச் சாதனத்தில் கசிவு என்று கண்டுபிடிக்க வேண்டும். தெரு முழுவதும் இருட்டென்றால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

ஓர் இரவுக்கு எவ்வளவு தேவை?

கணக்கு எளியது. சாதனத்தின் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 1,000 வாட்-மணி என்பது மின் கட்டண பில்லில் வரும் ஒரு யூனிட். மாலை ஏழு மணிக்குப் போன மின்சாரம் விடியும்வரை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி விளக்குகள் மூன்று, ஐந்து மணி நேரம் எரிய 135 வாட்-மணி ஆகும். 12 வாட் இணைய மோடம் அதே ஐந்து மணி நேரத்துக்கு 60. நான்கு கைப்பேசிகளுக்கு ஏறக்குறைய 60. 50 வாட் மேசை விசிறி ஒன்று ஒன்பது மணி நேரம் ஓடினால் 450. ஆக மொத்தம் 705. பேட்டரியின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது ஏறத்தாழ 15 விழுக்காடு வெப்பமாக வீணாவதால் 705ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும். 830க்குச் சற்றுக் குறைவாக வரும். 1,000 வாட்-மணிப் பெட்டி ஒன்றே இந்த வீட்டுக்குப் போதும்.

இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் தின்பது விசிறிதான். இன்னோர் அறைக்கும் அதே விசிறி வேண்டுமென்றால் தேவை 1,350ஐத் தாண்டிவிடும். ஆனால் 25 வாட்டில் ஓடும் டிசி மோட்டார் விசிறிகள் இரண்டை வைத்தால் அதே 450 வாட்-மணியில் இரண்டு அறைக்கும் காற்று கிடைக்கும். பெரிய பெட்டிக்குக் கூடுதலாகக் கொட்டும் பணத்தைவிட இரண்டு டிசி விசிறிகளின் விலை மிகக் குறைவு. நம் புழுக்கத்துக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு அதுதான் என்பது என் கருத்து.

அடுத்துக் குளிர்பதனப் பெட்டி. அதன் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சின்னத்தில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை 365ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரியும். நாளொன்றுக்கு ஒரு யூனிட் என்று வந்தால் பன்னிரண்டு மணி நேர இரவுக்குச் சுமார் 500 வாட்-மணி, இழப்பையும் சேர்த்தால் 590. அதையும் ஓட்டியே தீர வேண்டும் என்பவர்கள் 1,500 வாட்-மணிக்குக் குறையாத பெட்டியைப் பார்க்க வேண்டும். ஆனால் கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்த்தட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பாதுகாப்பான குளிரைத் தாங்கும். உறைபெட்டி நிறைந்திருந்தால் அதைவிட நெடுநேரம் தாங்கும். தண்ணீர் நிரப்பிய பழைய பிளாஸ்டிக் போத்தல்களை எப்போதும் உறைபெட்டியில் கிடத்தி வைத்திருப்பது செலவில்லாத பேட்டரி. மூன்று மணி நேரத் தடைக்குக் குளிர்பதனப் பெட்டியைத் தொடவே வேண்டாம். நான்காவது மணி நேரத்தைத் தாண்டும்போது பவர் ஸ்டேஷனில் செருகி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மீண்டும் கழற்றி வைக்கலாம். பழைய மாதிரிகளின் கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், தொடர்ந்து 1,000 வாட்டும் கண நேரத்துக்கு 2,000 வாட்டும் தரக்கூடிய பெட்டியே இதற்கு ஏற்றது.

கெண்டி, சோறு ஆக்கும் குக்கர், இஸ்திரி, குளியலறைச் சுடுநீர்க் கருவி, ஏர்கோன் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். சமையலுக்குக் கேஸ் அடுப்பு இருக்கிறது. 2,000 வாட் கெண்டியைச் சிறிய பெட்டி ஏற்காமல் தன்னை அணைத்துக்கொள்ளும். பெரிய பெட்டி ஏற்றாலும், ஏர்கோனை ஓட்டினால் உங்கள் இரவு முழுவதற்குமான சேமிப்பு இரண்டு மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடக்கூடும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

உள்ளே இருக்கும் பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக இருக்கட்டும். எடை சற்றுக் கூடுதல்தான். ஆனால் வெப்பத்தை நன்கு தாங்கும், பொதுவாக 3,000 முறை நிரப்பிக் காலி செய்த பிறகும் கொள்ளளவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். வெளியீடு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை) ஆகிய மூன்றும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில பெட்டிகள் 110 வோல்ட் நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. நம் விசிறியையோ குளிர்பதனப் பெட்டியையோ அவற்றில் ஓட்ட முடியாது. நம் மூன்றுகால் பிளக்கை நேராக ஏற்கும் சொக்கெட் இருப்பதும் முக்கியம்.

விளம்பரத்தில் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது 3.7 வோல்ட்டுக்குச் சொல்லப்படும் எண். 1,00,000 எம்ஏஎச் என்று அலறும் பெட்டியில் இருப்பது 370 வாட்-மணிதான். விளக்கும் விசிறியும் ஓர் இரவுக்கு அதில் ஓடா. எடையைத் தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. இவ்வகை பேட்டரி உள்ள 1,000 வாட்-மணிப் பெட்டி பொதுவாகப் பத்துக் கிலோவைத் தாண்டும். நான்கு கிலோவில் அதே கொள்ளளவைத் தருவதாகச் சொல்பவரிடம் வாங்க வேண்டாம். விலையை வாட்-மணியால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்பது உடனே தெரிந்துவிடும். கூடவே வாங்கும் எக்ஸ்டென்ஷன் வயரில் மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தகடு

நம் நாட்டில் ஒரு நாளின் வெயிலை முழு வலுவுள்ள வெயிலாகச் சுருக்கிக் கணக்கிட்டால் நான்கு முதல் ஐந்து மணி நேரம் வரும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 வாட் தகடு, நான்கு மணி நேரம், வெப்பமும் தூசியும் வயரும் தின்னும் கால் பங்கைக் கழித்தால் 600 வாட்-மணி. 1,000 வாட்-மணிப் பெட்டியை ஒரு நாளில் நிரப்ப 200 வாட் தகடுகள் இரண்டு வேண்டும். நண்பகல் வெயிலில் 200 வாட் தகடு 140 வாட் மட்டும் காட்டினால் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. தகட்டின் அளவு 25 பாகை வெப்பத்தில் குறிக்கப்பட்டது. தகரக் கூரைமேல் கிடக்கும் தகடு அறுபது பாகையைத் தொடும்போது உற்பத்தி பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவது இயல்பு. கூரைக்கும் தகட்டுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டுக் காற்றோட விடுவதால் ஓரளவு மீட்கலாம்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தகட்டைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டிய தேவை நமக்கு இல்லை. மழைநீர் வழிந்து அழுக்கைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்குப் பத்துப் பாகைச் சாய்வு போதும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் செம்மண் பாதையோரத்து வீடுகளில் வறண்ட வாரங்களில் தகடு செந்நிறமாகிவிடும். வெயில் ஏறுமுன் காலையில் தண்ணீர் ஊற்றி மென்மையான துணியால் துடைக்க வேண்டும்.

நிழல்தான் பெரிய எதிரி. தகட்டை முற்றத்தில் வைத்துப் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டே, கொடியில் காயும் ஒரு கைலியின் நிழல் தகட்டின் ஓரத்தில் விழும்படி நகர்த்திப் பாருங்கள். மறைந்தது சிறு பகுதிதான் என்றாலும் திரையில் எண் பாதிக்கும் கீழே விழக்கூடும், ஏனெனில் தகட்டின் செல்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. ஒன்று அடைபட்டால் அந்த வரிசையே தளர்ந்துவிடும். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டுவரை மாமர நிழலோ தென்னை நிழலோ விழாத இடத்தைக் கண்டுபிடித்த பிறகே நிரந்தரமாகப் பொருத்துங்கள். பிற்பகலில் மேகம் திரளும் நம் ஊரில் காலை வெயில்தான் நம்பகமானது என்பதால், கிழக்குப் பக்கம் திறந்திருக்கும் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

இணைப்பில் ஒரே ஓர் எண்ணை மறக்கக் கூடாது. பெட்டியின் சோலார் வாயிலில் எழுதியிருக்கும் உச்ச வோல்ட்தான் அது. தகட்டின் பின்புறச் சீட்டில் விஓசி என்ற எழுத்துகளுக்கு எதிரே இருக்கும் வோல்ட், அதாவது எதனோடும் இணைக்காதபோது தகடு தரும் வோல்ட், எந்நேரத்திலும் பெட்டியின் உச்சத்துக்குப் பத்து விழுக்காடாவது கீழே இருக்க வேண்டும். தகடுகளை வாலோடு தலையாகக் கோக்கும் தொடர் இணைப்பில் வோல்ட் கூடும். விஓசி 24 வோல்ட் உள்ள தகடுகள் இரண்டு சேர்ந்தால் 48 வோல்ட். 60 வோல்ட் பெட்டி ஏற்கும். மூன்றாவதையும் கோத்தால் 72 வோல்ட்டாகிப் பெட்டியின் உட்பாகம் கருகிவிடலாம். பக்க இணைப்பில் வோல்ட் மாறாது, ஆம்பியர் மட்டும் கூடும். வீட்டுக் கூரைகளிலிருந்து கழற்றி விற்கப்படும் பழைய பெரிய தகடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் 50 வோல்ட்டை நெருங்குபவை உண்டு என்பதால் சீட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

செய்யவே கூடாதவை

இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரால் பவர் ஸ்டேஷனைச் சுவர் சொக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் வேலையைத் தோட்டத்து ஜெனரேட்டர் காலத்திலிருந்தே சிலர் செய்து வருகிறார்கள். அந்த மின்சாரம் மெயின் சுவிட்ச் வழியே தெருக்கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிரைக் குடிக்கக்கூடும். தெரு மின்சாரம் திரும்பி வரும் நொடியில் உங்கள் பெட்டியும் போய்விடும். சாதனங்களை நேராகப் பெட்டியில் செருகுங்கள். வீட்டு வயரிங்கோடு இணைத்தே ஆக வேண்டுமென்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து, இரண்டு மூலங்களும் ஒரே நேரத்தில் சேர முடியாத மாற்றுச் சுவிட்சைப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

கூரையில் ஏற்கெனவே சோலார் போட்டு மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டவர்கள், மின்தடையின்போது அது ஓடும் என்று எண்ணியிருந்தால் விசாரித்துக்கொள்வது நல்லது. பேட்டரி இல்லாத அத்தகைய அமைப்புகள், கம்பத்து ஊழியரைக் காப்பதற்காகவே, தெரு மின்சாரம் போனவுடன் தாமும் நின்றுவிடுமாறு செய்யப்பட்டவை.

இடி தொடங்கியதும் தகட்டு வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி வையுங்கள். மடக்குத் தகடென்றால் உள்ளே எடுத்துவிடுங்கள். பெட்டியை வெயிலில் தகட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், நிறுத்திய காருக்குள் விடவும் வேண்டாம். லூவர் ஜன்னல் வழியே வயரை இழுத்து, நிழலான கூடத்தில், சாமி மேடை விளக்குக்கு எட்டாத தூரத்தில், வெள்ளம் புகும் பகுதியென்றால் இடுப்பளவு உயரத்தில் வைக்கலாம். காற்றுத் துளைகளை எறும்பு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் பெட்டியின் சொக்கெட்டுக்கு மின்சாரம் தரும் ஏசி பொத்தானை அணைப்பது அவசியம்; எதுவும் செருகாவிட்டாலும் அது மணிக்கு 10 முதல் 20 வாட்-மணி வரை தின்றுகொண்டிருக்கும், அதாவது ஒன்றிரண்டு விளக்குகளின் செலவு. கைப்பேசியை யூஎஸ்பி வாயிலிலேயே ஏற்றினால் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டியதில்லை.

இடிமழை மிகும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பெட்டியை நிறைத்தே வையுங்கள். மற்ற காலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பேட்டரியைப் பயன்படுத்தி இறக்கி, மீண்டும் நிரப்புங்கள். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மெயின் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்து, வீட்டார் அனைவரும் பெட்டியை நம்பி இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். டார்ச் எங்கே, எந்த வயர் எட்டவில்லை, பாட்டிக்கு எந்தப் பொத்தான் புரியவில்லை என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதற்கு 2 முதல் 8 பாகை வரையிலான குளிர் தேவை என்பதால், குளிர்பதனப் பெட்டியைக் கணக்கில் முதலிடத்தில் வைக்க வேண்டும். ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோரின் நிலை வேறு. ஐந்து லிட்டர் கருவி சுமார் 300 வாட் இழுப்பதால் 1,000 வாட்-மணிப் பெட்டி மூன்று மணி நேரத்தைக்கூட எட்டாது. சிலிண்டரைப் பற்றி மருத்துவமனையில் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டு, பெட்டியை இடைக்காலத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி உப்பினாலோ, இனிப்பு வாடை வந்தாலோ, வழக்கத்துக்கு மீறிச் சுட்டாலோ உடனே எல்லா வயரையும் கழற்றி, வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத சிமெண்டுத் தரையில் வைத்துவிடுங்கள். ஆயுள் முடிந்த பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்கவோ, தோட்டத்துக் குப்பைக் குழியில் போட்டு எரிக்கவோ கூடாது. சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.