நியூட்ரினோ ஆய்வகம் கட்டுரையில கை வைக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பினாங்கு ஆயர் ஈத்தாம்ல ஒரு மாமாக் கடையில, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, பசியாற உக்காந்தப்ப ரொட்டி சானாய் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாம, ஹேன்போன்லயே தமிழ் விக்கிப்பீடியாவத் தொறந்து தேனி நியூட்ரினோ ஆய்வகம் கட்டுரையில ஒரு வரி மாத்தினேன். (நியூட்ரினோங்கறது எதையும் கண்டுக்காம ஊடுருவிப் போற ஒரு நுண்துகள்.) திட்டச் செலவு 1.5 பில்லியன் ரூபாய்னு. ரொட்டி மேசைக்கு வர்றதுக்குள்ள யாரோ அதத் தூக்கிட்டாங்க. எனக்கு கோவம், திரும்பப் போட்டேன், திரும்பத் தூக்கிட்டாங்க. அப்பறம் வரலாறு பக்கத்துல போய் பாத்தா "1500 கோடின்னா 15 பில்லியன்"னு ஒரே வரிதான் எழுதி வச்சிருக்காரு அந்த மனுசன். கணக்குப் போட்டுப் பாத்தேன், அவர் சொன்னதுதான் சரி, நான் பாட்டுக்கு ஒரு சைபர முழுங்கிட்டு சண்டைக்கு வேற போயிருக்கேன்.

நம்ம மலேசியா ஆளுங்களுக்கு இது அடிக்கடி நடக்கும், பள்ளிக்கூடத்துல மில்லியன் பில்லியன்னு எண்ணிப் பழகிட்டு இந்தியச் செய்தியில லட்சம் கோடியப் பாத்தா கை தடுமாறும். எதுல இருக்கோ அதுலயே எழுதிட்டுப் போங்க. ரிங்கிட்டுக்கு மாத்தி எழுதறேன்னு கெளம்பாதீங்க, ரேட்டு அடுத்த மாசமே வேற, அப்பறம் அந்த நம்பர யாரு உக்காந்து திருத்தறது.

சரி, பெரிய தப்புக்கு வர்றேன். "தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அமைந்துள்ள இந்த ஆய்வகம்..." இந்த "அமைந்துள்ள"தான் பிரச்சனை. அங்க ஒண்ணும் அமையல, சுரங்கமே தோண்டல. போடி மேற்கு மலைக்குள்ள கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டு, உள்ள ஒரு பெரிய குகை வெட்டி, 50,000 டன் இரும்பு டிடெக்டர், அதாவது அந்தத் துகளக் கண்டுபிடிக்கற கருவி, வைக்கறதுன்னு திட்டம். திட்டம் மட்டும்தான். முதல்ல நீலகிரியில சிங்காராவத்தான் பாத்தாங்க, முதுமலை புலிகள் காப்பகம் பக்கத்துல இருக்குன்னு 2009-ல அது முடியாமப் போச்சு. 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு, அதே வருசம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி இல்லாம வேலைய ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, 2017-ல பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதிய நிறுத்தி வச்சுச்சு, 2018-ல மத்திய அமைச்சகம் மறுபடியும் அனுமதி குடுத்துச்சு, 2022-ல தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்துல போய் எங்களுக்கு இது வேணாம்னு மனு போட்டுச்சு. இதுல ஏதாவது ஒரு வருசத்துச் செய்திய மட்டும் படிச்சுட்டு "விரைவில் தொடங்கும்"னோ "திட்டம் கைவிடப்பட்டது"னோ எழுதினீங்கன்னா கட்டுரை அந்த நாளோட உறைஞ்சு போயிரும். "விரைவில்", "தற்போது", "அண்மையில்" மூணும் இந்த மாதிரி கட்டுரைக்கு வெசம். எந்த மாசம், எந்த வருசம், யாரு சொன்னது, அவ்வளவுதான் எழுதணும்.

அடுத்தது மலை. எதுக்கு மலைக்குள்ள போறாங்கன்னு கேட்டா பாதி பேரு "கதிர்வீச்சு வெளிய வராம இருக்க"ன்னு நெனைக்கறாங்க, கட்டுரையிலயும் அப்படியே எழுதிடறாங்க. தலைகீழ். வெளிய இருந்து உள்ள வர்றதத் தடுக்கத்தான் மலை. வானத்துல இருந்து காஸ்மிக் கதிர் வந்து காத்து மண்டலத்துல மோதி மியூவான்னு ஒரு துகள் மழையாக் கொட்டிக்கிட்டே இருக்கு. தகரக் கூரை வீட்டுல அடை மழை பேயறப்ப பக்கத்துல ஆளு கிசுகிசுன்னு பேசினா கேக்குமா? நியூட்ரினோ அந்தக் கிசுகிசு. ஒரு கிலோமீட்டர் பாறை தலைக்கு மேல இருந்தா மழை சத்தம் அடங்கும், நியூட்ரினோ மட்டும் பாறையக் கண்டுக்காம வரும். நம்ம கொடிமலை, அதாங்க புக்கிட் பெண்டேரா, அதோட உயரமே 833 மீட்டர்தான், அதுவே பத்தாது.

இன்னொண்ணு, ஆய்வகம் நியூட்ரினோவ "உற்பத்தி" பண்ணும்னு எழுதறது. சூரியன்ல இருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு செகண்டுக்கு 6,500 கோடி வருது, இத நீங்க படிக்கறப்பவே கட்டைவிரல் நகத்து வழியா போய்க்கிட்டு இருக்கு. தேனியில பாக்கணும்னு நெனைச்சது காஸ்மிக் கதிர் மோதி காத்துல உண்டாகற நியூட்ரினோவ. ஆனா இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, தூரத்து நாட்டுல இருந்து நியூட்ரினோக் கற்றை அனுப்பினா இங்க பிடிக்கலாம்னு ஆரம்பத் திட்டத்துல ரெண்டாங் கட்டமா ஒரு பேச்சு இருந்துச்சு, எதிர்ப்பாளர்கள் அதத்தான் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறாங்க. அதையும் எழுதணும், மறைக்கக் கூடாது. மறைச்சா அடுத்த நாளே ஒருத்தர் வந்து கட்டுரை முழுக்க அதையே எழுதி வச்சுட்டுப் போவாரு.

நியூட்ரானும் நியூட்ரினோவும் ஒண்ணுன்னு நெனைக்கறது பழைய வியாதி. நியூட்ரினோ இருக்கும்னு மொதல்ல சொன்ன இயற்பியலாளர் பாவ்லியே 1930-ல முதல்ல நியூட்ரான்னுதான் பேரு வச்சாரு, அதனால ரொம்பத் திட்ட முடியல. ஆனா தமிழ்ல எழுதறப்ப ஒரு எழுத்து மாறினா அணுகுண்டு வாசனை வந்துருது. நம்ம ஊருல, ஈப்போப் பக்கத்து புக்கிட் மேரா கதை தெரிஞ்ச தலைமுறை இருக்கு, அரிய மண் ஆலையோட கதிரியக்கத் தோரியக் கழிவ எதிர்த்து வருசக்கணக்குல போராடி 1994-ல அது நின்னுச்சு. எங்க மாமா ஈப்போக்காரரு, நியூட்ரினோன்னு நான் சொன்னதுமே "அதே மாதிரி கழிவு வருமாடா"ன்னாரு. இந்த டிடெக்டர் இரும்புத் தகடும் அதுக்கு நடுவுல வாயு நிரப்பின கண்ணாடிப் பெட்டியும்தான் மாமான்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள காப்பி ஆறிப் போச்சு.

ஆனா அதே மூச்சுல "அறிவியல் தெரியாத மக்கள் எதிர்க்கிறார்கள்"னு எழுதறதும் தப்புதான், சொல்லப் போனா அதுதான் மோசமான தப்பு. கதிர்வீச்சு பயத்த ஒரு பக்கம் வைங்க. மலையில வெடி வைக்கறது, தண்ணி ஊத்து, புலி நடமாடற பாதை, மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கறது, இதெல்லாம் நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி. ரெண்டையும் ஒரே பாராவுல போட்டுக் குழப்பாதீங்க. யாரு எந்தக் கேள்வி கேட்டாங்க, யாரு என்ன பதில் சொன்னாங்கன்னு பேரோட போடுங்க, நடுவுல உங்க தீர்ப்பு வேணாம். தீர்ப்பு சொல்லியே ஆகணும்னா கட்டுரையோட பேச்சுப் பக்கம் இருக்கு, விக்கிப்பீடியாவோட பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடி இருக்கு, அங்க போய் பேசுங்க லா.

ஜப்பான் சமாச்சாரத்த இதுல கலக்கறது இன்னொரு வேடிக்கை. ஜப்பான்ல இருக்கற நியூட்ரினோ டிடெக்டர் சூப்பர் கமியோகாண்டேவும் 50,000 டன், இதுவும் 50,000 டன். நம்பர் ஒண்ணா இருக்கவும் ஒருத்தர் தேனி மலைக்குள்ள 50,000 டன் தண்ணி தேக்கப் போறாங்கன்னு எழுதி, அதுக்குக் கீழயே விவசாயத் தண்ணி எங்க போகும்னு இன்னொருத்தர் கேட்டு, கட்டுரையே வேற திசைக்குப் போயிருச்சு. அங்க தண்ணி, இங்க இரும்பு. இரும்புக்குக் காரணம் இருக்கு, அத காந்தமாக்கினா உள்ள உண்டாகற மியூவான் பிளஸ்ஸா மைனஸான்னு வளையற திசையில தெரிஞ்சுரும், வந்தது நியூட்ரினோவா, அதோட எதிர்த்துகளான எதிர் நியூட்ரினோவான்னு பிரிச்சுரலாம். கட்டியிருந்தா செர்ன்ங்கற ஐரோப்பிய ஆய்வகத்துல இருக்கற 14,000 டன் சிஎம்எஸ் காந்த டிடெக்டர் இதுக்குப் பக்கத்துல சின்னப் பிள்ளை மாதிரி நிக்கும். "கட்டியிருந்தா"ங்கறத கவனிங்க, "உலகின் மிகப்பெரிய காந்தம் கொண்டது"ன்னு எழுதிராதீங்க.

மெஷின்ல மொழிபெயர்த்து அப்படியே ஒட்டறவங்களுக்கு: நியூட்ரினோவுக்கு மூணு "சுவை" இருக்காம். என் தங்கச்சி படிச்சுட்டு வெனிலாவா செண்டோலான்னு கேட்டா. வகைன்னு போடுங்க, போதும். "கலோரிமானி"ன்னு போட்டா டயட்டு மெஷின்னு நெனைப்பாங்க, ஆற்றலை அளக்கற கருவின்னு ஒரு வரி சேருங்க.

பழசு ஆகிப் போன பெருமை வரியும் பாத்துத் தூக்கணும். நியூட்ரினோ நிறை வரிசைய, அதாவது எது கனம் எது லேசுங்கறத, கண்டுபிடிக்கறதுல முந்திக்கலாம்னு எழுதின காலம் வேற, சீனாவுல ஜியாங்மென்ல ஜூனோங்கற நியூட்ரினோ ஆய்வகம் 20,000 டன் திரவத்தோட 2025 ஆகஸ்ட்ல தரவு எடுக்க ஆரம்பிச்சுருச்சு. பெருமை வேணும்னா கோலார் தங்கச் சுரங்கத்தச் சொல்லுங்க, 1965-லயே காத்து மண்டல நியூட்ரினோவ அங்க பிடிச்சாங்க, நடந்த கதை, யாரும் தூக்க மாட்டாங்க. மதுரையில 85 டன்னுல ஒரு குட்டி மாதிரி டிடெக்டர் ஓட்டினாங்க, அதையும் யாரும் எழுதறதே இல்ல.

கடைசியா படம். தங்கக் கலர் பல்பு வரிசையா மின்ன, ரப்பர் போட்ல ரெண்டு பேரு மெதக்கற படத்த தேனின்னு தலைப்புப் போட்டு யாராவது ஏத்தினா உடனே எடுத்துருங்க, அது ஜப்பான். பொட்டிபுரம் மலைக்கு நல்ல படம் ஒண்ணு வேணும்னு பேச்சுப் பக்கத்துல கேட்டு வச்சிருக்கேன், நான் இங்க கடல் தாண்டி உக்காந்திருக்கேன். தேனி, போடி பக்கத்து ஆளுங்க யாராவது இதப் படிச்சா, சாயங்காலம் வெளிச்சம் நல்லா இருக்கறப்ப ஒண்ணு எடுத்து விக்கிமீடியா பொதுவகத்துல, அதாவது விக்கிப்பீடியாவுக்குப் படம் ஏத்தற தளத்துல, ஏத்தி விடுங்க, சொந்தமா எடுத்ததா இருக்கட்டும்.