பழைய அமெரிக்கக் கார் போட்டோக்கள்: படம் பாதி, ஓரமும் பின்பக்கமும் பாதி

சிவப்பு ஓரம் போட்ட கோடாக்ரோம் (கோடாக் கம்பெனியின் வண்ண ஃபிலிம்) அட்டை ஸ்லைடு ஒன்றைக் கையில் எடுங்கள். உள்ளே 1957 செவ்ரலே பெல் ஏர். அட்டையில் மங்கலாக ஒரு முத்திரை: 1958 ஆகஸ்ட். அது ஃபிலிமைக் கழுவிய மாதம். கார் வந்தது ஒரு வருடம், படம் எடுத்தது இன்னொரு வருடம், படச்சுருள் லேபுக்குப் போனது அதற்கும் பிறகு. அட்டையைத் தவிர்த்துவிட்டுப் படத்தை மட்டும் ஸ்கேன் செய்தால் இந்த விவரம் அத்தனையும் போய்விடும். இணையத்தில் சுற்றும் நல்ல நல்ல படங்களெல்லாம் ஊர் பேர் தெரியாத அநாதைகளாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். எனவே எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதல் வேலை, பின்பக்கத்தையும் ஓரத்தையும் பதிவு செய்வது. மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கே தேடுவது, எதை வாங்குவது

கம்பெனி விளம்பரப் படங்கள் எட்டுக்குப் பத்து அங்குலப் பளபளப்புத் தாளில் ஏராளமாகக் கிடைக்கும். அவை அழகானவை, ஆனால் அவற்றில் இருப்பது ஷோரூம் கார். வீட்டு வாசலில், மோட்டல் முன்னால், பெட்ரோல் பங்கில் யாரோ எடுத்த சாதாரண ஸ்னாப்தான் எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கு மதிப்பு மிக்கது. கார் எப்படிப் புழங்கியது என்பதை அதுதான் காட்டும். தென்மேற்கு மாநிலங்களில் எடுத்த படங்களில் ஜன்னலில் மாட்டிய உருளை வடிவக் கூலர் இருக்கும். பாலைவனப் பாதைக்காக பம்பரில் கேன்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கும். பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் தேடுவது இந்த மாதிரிச் சான்றுகளைத்தான்.

பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஆண்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா நடத்தும் சந்தையில் உதிரிபாகங்களுக்கு நடுவே பெட்டி பெட்டியாகப் போட்டோ வரும். அங்கே போக முடியாதவர்களுக்கு ஈபே. கார் பெயரைப் போட்டுத் தேடினால் விவரம் தெரிந்த வியாபாரிகளின் விலைதான் கண்ணில் படும். ‘குடும்பச் சுற்றுலா’, ‘மோட்டல்’, ‘ரெட் பார்டர் கோடாக்ரோம்’ என்பதுபோல ஆங்கிலத்தில் தேடுங்கள். காரைப் பற்றித் தெரியாதவர் விற்கும் மொத்தக் கட்டுகள் அப்படித்தான் சிக்கும். வாங்குவதற்கு முன் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். ஸ்லைடு என்றால் அட்டையின் இரண்டு பக்கமும்.

பழைய படம் என்று விற்கப்படும் பிற்காலப் பிரதியை இரண்டு கருவிகள் காட்டிக்கொடுக்கும். ஒன்று, பத்து மடங்கு லூப், அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடி. அசல் போட்டோவில் புள்ளி வரிசை தெரியாது; வண்ணப் புள்ளிகள் பூப்போல அடுக்கியிருந்தால் அது புத்தகத்திலிருந்தோ காலண்டரிலிருந்தோ வெட்டியது. இன்னொன்று, புற ஊதா டார்ச். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனம் போட்டோ தாள்களில் 1950-களில்தான் பரவியது. 1930-களின் அசல் என்று சொல்லப்படும் படம் இருட்டறையில் நீலமாக ஒளிர்ந்தால் அதன் தாள் பிற்காலத்தது. ஒளிராவிட்டால் பழையது என்று உறுதியாகிவிடாது, ஏனென்றால் பிற்காலத் தாள்களிலும் ஒளிராதவை உண்டு. கையால் தடவினால் பிளாஸ்டிக் போல இருக்கும் ஆர்.சி. தாள் (பிளாஸ்டிக் பூசிய போட்டோ தாள்) 1960-களின் கடைசிக்கு முன் கிடையாது.

காசு செலவழிக்கும் முன் கண்ணைப் பழக்க வேண்டுமானால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அமெரிக்க அரசுத் துறையின் தொகுப்பைப் பாருங்கள். 1935 முதல் 1944 வரை அரசுப் புகைப்படக்காரர்கள் எடுத்தது. சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள், சுமார் 1,600 வண்ணப் படங்கள். ஜாக் டிலானோ, ரஸ்ஸல் லீ, மேரியன் போஸ்ட் வோல்காட் எல்லோரும் அதில் உண்டு. 1970-களுக்கு, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள டாக்குமெரிக்கா தொகுப்பு. இரண்டிலும் பெரிய கோப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் இடமும் தேதியும் எழுதியிருக்கும்.

வருடம் கண்டுபிடிப்பது

காரிலிருந்து கிடைப்பது கீழ் எல்லை மட்டுமே: படம் அந்த மாடல் வெளிவந்ததற்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது. அதிலும் ஒரு சிக்கல். அடுத்த வருட மாடல் முந்தின செப்டம்பர், அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிடும். ஃபோர்டு கம்பெனியின் 1958 மாடல் எட்செல் விற்பனைக்கு வந்தது 1957 செப்டம்பர் 4.

முன்பக்கத்தில் தொடங்குங்கள். 1949, 1950 ஃபோர்டு இரண்டுக்கும் கிரில் (முன்பக்கக் கம்பித் தட்டி) நடுவில் தோட்டா வடிவ ஒற்றைக் குண்டு. 1951-ல் இரண்டு குண்டு. 1949-ல் பானெட் மேல் ஃபோர்டு என்று தனித்தனி எழுத்துகள், 1950-ல் அந்த இடத்தில் கேடயச் சின்னம். செவ்ரலேயில் 1955-க்குக் கட்டம் கட்டமான சிறிய கிரில், 1956-க்கு முகம் முழுக்க நீளும் கிரில், 1957-க்குப் பின்புறத்தில் கூரான ஃபின் (வால் துடுப்பு). 1957-ல் பானெட்டில் பெயரெழுத்துக்குக் கீழே பெரிய ‘வி’ இருந்தால் எட்டு சிலிண்டர், இல்லையென்றால் ஆறு. பெட்ரோல் மூடி எங்கே என்று பங்க் படங்களில் பார்க்கலாம்: 1956-ல் இடது டெயில் லைட்டுக்குப் பின்னால், 1957-ல் இடது ஃபினின் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

மூன்று பொது அடையாளங்கள் எல்லாக் கம்பெனிக்கும் உதவும். இரட்டை இரட்டையாக நான்கு ஹெட்லைட் 1957-ல் சில கார்களில் தலைகாட்டி, 1958-ல் எங்கும் பரவியது. மட்கார்டு பக்கவாட்டில் சிறு விளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 மாடல் அல்லது அதற்குப் பின்; அந்த ஜனவரியில் சட்டம் கட்டாயமாக்கியது. முன் பம்பர் மட்டும் முட்டிக்கொண்டு வெளியே நின்றால் 1973, பின்பக்கமும் அப்படியென்றால் 1974 முதல்.

‘1944 ஃபோர்டு’ என்று எழுதிய படம் வந்தால் நம்பாதீர்கள். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது; 1945-ல் மறுபடி தொடங்கியபோது வந்தவை 1946 மாடல்கள். 1942 ஜனவரிக்குப் பின் வந்த கார்களில் பம்பர் தவிர மற்ற குரோம் பட்டைகள் பெயின்ட் பூசியிருக்கும், அவை அபூர்வம். போர்க்காலப் படத்தை உறுதிசெய்ய முன்கண்ணாடியின் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்ரோல் ரேஷன் ஸ்டிக்கர் தெரியும்: ‘ஏ’ என்றால் வாரத்துக்கு மூன்று நான்கு கேலன் மட்டும் கிடைத்த சாதாரண ஆள். கிழக்கு மாநிலங்களில் 1942 மே, நாடு முழுக்க 1942 டிசம்பர் தொடங்கி, 1945 ஆகஸ்ட் வரை பெட்ரோல் ரேஷன் இருந்தது. அந்தச் சிறு ஸ்டிக்கர், மூன்றேகால் வருட இடைவெளிக்குள் படத்தை அடைத்துவிடும்.

நம்பர் பிளேட்டுக்கு மாநிலம்தோறும் நிறம் மாறும். கலிஃபோர்னியாவில் 1956 முதல் மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து, 1963-ல் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. கறுப்பு வெள்ளைப் படத்திலும் எது அடர்த்தி எது வெளிர் என்பது தெரிந்துவிடும். 1950-களின் நடுவில்தான் எல்லா மாநிலங்களும் ஆறுக்குப் பன்னிரண்டு அங்குல அளவுக்கு வந்தன. நீளமாகவோ குட்டையாகவோ விசித்திர அளவில் தகடு இருந்தால் அதற்கு முந்தையது. போட்டோ ஸ்டூடியோ முத்திரையில் ஐந்து இலக்க ஜிப் (அஞ்சல் குறியீடு) எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பின். சதுரப் படமென்றால் 1963-ல் வந்த கோடாக் இன்ஸ்டாமேட்டிக் கேமரா நினைவுக்கு வரும், ஆனால் அதற்கு முன்பே சதுரம் தரும் கேமராக்கள் இருந்தன. அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அமெரிக்கக் கார்களில் ஸ்டியரிங் இடது பக்கம்; அது வலது பக்கம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் சரி. ஆனால் ஏற்றுமதிக்கு வலது ஸ்டியரிங் கார்களும் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயிலேயே பூட்டி விற்றது. பிளேட்டில் எழுத்து நேராகத் தெரிகிறதா என்பதுதான் கடைசித் தீர்ப்பு.

ஸ்கேன்

முதலில் ஊதும் ரப்பர் பல்பால் தூசியை விரட்டுங்கள். ஸ்லைடில் பூஞ்சணம் இருந்தால் தண்ணீர் தொடவே கூடாது. பூஞ்சணம் பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படமே வழிந்துவிடும். பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து பிரிக்க, மெழுகு பூசாத டென்டல் ஃபிளாஸை மூலையிலிருந்து மெல்ல அறுப்பதுபோல இழுக்கலாம். வராவிட்டால் விட்டுவிட்டுப் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவையும் அப்படித்தான், கண்ணாடியோடு.

நெகட்டிவில் வினிகர் வாடை வந்தால் அதன் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதைகிறது: தனியாக எடுத்துவைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய நெகட்டிவ் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற எழுத்து இல்லையென்றால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். சூடான விளக்குப் பெட்டி மேல் வைக்காதீர்கள்.

அளவுகள்: நான்குக்கு ஆறு பிரதிக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். இரண்டேகாலுக்கு மூன்றேகால் அங்குலச் சிறு பிரதி என்றால் 1200. முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஸ்லைடுக்கு 4000. அது சுமார் 5670க்கு 3780 பிக்சல், 16 பிட் டிஃப் கோப்பாக 130 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும். ஷார்ப்பனிங், தானியங்கி நிறம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கியைக் கோடாக்ரோமுக்கும் வெள்ளி கலந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கும் போடாதீர்கள். அகச்சிவப்பைத் தடுக்கும் இடத்தையெல்லாம் தூசி என்று அது நினைத்துக்கொள்ளும். குரோம் விளிம்புகள் மெழுகுபோல உருகிக் கிடக்கும்.

கேமராவால் எடுப்பதானால் மேக்ரோ லென்ஸ், எஃப் 8, நிறத்துல்லியக் குறியீடு 95-க்கு மேலுள்ள விளக்கு. ஃபிலிம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்துக் கேமரா வழியே பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் சரியான நடுவில் தெரியும்வரை ஸ்டாண்டைத் திருகினால் தளம் இணையாகிவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் கறுப்பான இடமெல்லாம் வெள்ளிபோல மின்னும். கறுப்பு காரென்றால் உருவமே தெரியாது. விளக்குகள் மேல் போலரைசர் தாள், லென்ஸ் மேல் போலரைசர் ஃபில்டர் போட்டு ஃபில்டரைத் திருப்பினால் அந்த மினுக்கம் மறையும்.

கோடாக்கின் இன்னொரு வண்ண ஃபிலிமான பழைய எக்டாக்ரோம் ஸ்லைடுகள் செங்கருஞ்சிவப்பாகிப் போயிருக்கும், காரணம் சயான் சாயம் மங்கியது. படத் திருத்த மென்பொருளின் லெவல்ஸில் சிவப்பு சானலைத் திறந்தால் வரைபடம் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். கறுப்பு முனையை அது தொடங்கும் இடத்துக்கு நகர்த்துங்கள், பிறகு நீலத்துக்கும் அதேபோல. நடுநிலை பார்க்க டயரின் கறுப்பையும் நிழலில் உள்ள சாலையையும் எடுங்கள். குரோமை எடுக்காதீர்கள், அதில் வானம் விழுந்திருக்கும். கார் நிறத்தை ஊகிக்கவும் கூடாது. டிட்ஸ்லர், டூபாண்ட் பெயின்ட் மாதிரிப் பட்டியல்கள் அந்தந்த வருடத்துக்குக் கிடைக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு மெருகேற்றலைச் சேமிப்புக் கோப்பில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அது கிரில்லின் கம்பிகளைக் கூட்டும், சின்னத்தில் இல்லாத எழுத்தை எழுதும், பிளேட் எண்ணைக் கற்பனை செய்யும். கம்பியை எண்ணித்தான் வருடம் சொல்கிறோம். அந்தக் கம்பி பொய்யானால் படமே பொய்.

பாதுகாப்பு

பிவிசி உறை வேண்டாம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம். சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால் இறுக மூடும் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறு ஈரப்பதமானி மூன்றும் அவசியம். ஜெல்லை நிறம் மாறியதும் காயவையுங்கள். பிரதியின் பின்னால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில். ஆர்.சி. தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதிவிட்டுப் படத்தை நுழையுங்கள்.

பகிர்வது

பிரதியை வாங்கியதால் காப்புரிமை உங்களுடையதாகிவிடாது. அமெரிக்கச் சட்டப்படி பிரசுரிக்கப்படாத, எடுத்தவர் யாரென்று தெரியாத படத்துக்கு எடுத்ததிலிருந்து 120 வருடம். 1957-ல் எடுத்த அப்படிப்பட்ட குடும்ப ஸ்னாப் 2077 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். பிரசுரமான படத்துக்குப் பொதுவாக 95 வருடம். 1978-க்கு முன் காப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியானவையும், 1964-க்கு முன் வெளியாகிப் காப்புரிமை புதுப்பிக்கப்படாதவையும் பொதுவுடைமை, யாரும் பயன்படுத்தலாம். ஆகவே குடும்பப் படங்களைக் காட்டலாமா என்று யோசிப்பவர்கள் குறைந்தபட்சம் விற்பனைப் பிரதி போடாமல், எடுத்தவர் குடும்பம் கேட்டால் உடனே நீக்கும் உறுதியோடு நடந்துகொள்ளுங்கள்.

பகிரும் கோப்பு நீளப் பக்கம் 2000 பிக்சல், எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் தரம் 85 முதல் 90. படத்தோடு பின்பக்கத்தின் ஸ்கேனையும் போடுங்கள். குறிப்பைக் கோப்பின் உள்ளேயே ஐபிடிசி புலத்தில் (படக் குறிப்புகளுக்கான இடம்) எழுதினால், பெயர் மாறினாலும் பெரும்பாலும் கூடவே போகும். சில தளங்கள் அதை அழித்துவிடுவதால் படத்தின் கீழும் எழுதுங்கள். குறிப்பில் மூன்றைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்: அட்டையில் அச்சாகியிருப்பது, கையெழுத்தில் இருப்பது, நீங்கள் காரைப் பார்த்து முடிவு செய்தது. ‘அட்டை முத்திரை 1958 ஆகஸ்ட். கையெழுத்து: அம்மா, புது கார். கார்: 1957 பெல் ஏர், எட்டு சிலிண்டர், பானெட் ‘வி’யை வைத்து.’ யாராவது திருத்தம் சொன்னால் மூன்றாவது வரியை மட்டும் மாற்றி, பழைய முடிவையும் திருத்திய தேதியையும் அதன் கீழேயே விட்டுவையுங்கள். முதல் இரண்டு வரிகளில் கை வைக்காதீர்கள், எழுத்துப்பிழை இருந்தாலும்கூட.