மலை ஏற ஆசையா? கல் படுக்கை இருக்கும் ஊரைத் தேடுங்கள்

மதுரைப் பக்கம் போகிறோம், கூட்டமில்லாமல் ஏற ஒரு மலை சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சமணர் படுக்கைகள், அதாவது சமணத் துறவிகளுக்காகக் குகைப் பாறையில் செதுக்கிய கல் படுக்கைகள், இருக்கும் ஊர்களைத்தான் சொல்வேன். 2,000 ஆண்டுகளுக்கு முன் துறவிகள் தங்கிய குகை என்றால் அங்கே நிழல் இருக்கும், பெரும்பாலும் பக்கத்தில் சுனை இருக்கும், ஏற வழி இருக்கும். அவர்கள் பிச்சைக்கு இறங்கிப் போக வேண்டியிருந்ததால் ஊரும் தொலைவில் இருக்காது. மலை ஏறப் போகும் நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தக் குகைகள் பலவற்றில் தமிழ்-பிராமி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு உண்டு. அதனால் முதலில் அந்தக் கல்வெட்டு கிடைத்த ஊர்களின் பட்டியலை எடுங்கள். மதுரை மாவட்டத்தில் மட்டும் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, வரிச்சியூர், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம் என்று நீளும். ஒவ்வொன்றையும் போன் வரைபடத்தில் செயற்கைக்கோள் படமாகப் பாருங்கள். அடிவாரத்தில் கண்மாயும் கோயிலும் தெரிந்து, அங்கிருந்து பாறை மேல் வெளுத்த கோடு ஒன்று ஏறினால் அது ஆள் நடக்கும் தடம். மலையை ஒட்டிச் சதுரம் சதுரமாக வெட்டுப் பள்ளம் தெரிந்தால் கல் குவாரி. அந்தப் பக்கமாக ஏற வேண்டாம்.

ஊரில் இறங்கியதும் டீக்கடையில் கேளுங்கள். "சமணர் குகை" என்றால் சில ஊர்களில் தெரியாது. "பஞ்சபாண்டவர் படுக்கை எங்கண்ணே இருக்கு?" என்றால் உடனே கை நீட்டுவார்கள். ஆடு மேய்ப்பவர் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் ஏறலாம் என்பதோடு எந்தப் பக்கம் ஏறக்கூடாது என்றும் அவரிடம் கேளுங்கள். முள், வழுக்கல், தேன்கூடு எல்லாம் அவருக்குத்தான் அத்துபடி. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் தடவை என்றால் கீழக்குயில்குடி. மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையில் செதுக்கிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே, பாறை முகத்தில் சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. பலர் இங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். இன்னும் மேலே ஏறுங்கள். பழைய கோயில் ஒன்றின் அடித்தளம் வரும், உச்சியில் விளக்குத் தூண் வரும், சுற்றிலும் நாகமலையும் வயல்களும் முழுசாகத் தெரியும். இறங்கிய பிறகு மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகையையும் பார்த்துவிடுங்கள்.

அரிட்டாபட்டி இன்னொரு ரகம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே குடைவரைக் கோயிலும் உண்டு, வல்லூறுகளும் உண்டு. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், பாறை இடுக்குகளையே பாருங்கள்.

விடிந்ததும் ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை வேண்டாம், மொட்டைப் பாறை காலைச் சுட்டுவிடும். மழை பெய்த மறுநாள், தண்ணீர் ஓடிக் கறுத்த கோடுகளில் கால் வைக்காதீர்கள், அதுதான் வழுக்கும். குகை நெற்றியில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் புகை, சத்தம் எதுவும் கூடாது, சென்டும் கூடாது. குரங்கு உள்ள மலையில் கையில் பை தெரியக்கூடாது.

அப்புறம், கல்வெட்டைப் படிக்கச் சாக்பீஸ் தடவுகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். போன் டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தது எழுத்து எழுத்தாக எழுந்து நிற்கும்.

பழகிய பிறகு புதுக்கோட்டைக்குப் போங்கள், சித்தன்னவாசல். ஓவியக் குகையோடு திரும்பாமல் மலையைத் தாண்டி, கல் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகை வரை நடக்க வேண்டும். அங்கே டிக்கெட் உண்டு, கவுன்டர் திறந்த பிறகுதான் ஏற முடியும். அதனால் அதை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.