ஜெர்மானியச் சிற்றரசுகளின் பரம்பரைப் பட்டங்களைப் பிழையின்றி அறிவது எப்படி

ஜெர்மானியச் சிற்றரசர் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது பெரும்பாலும் பட்டத்தைக் குறிக்கும் முதல் சொல்லிலேயே பிழை புகுந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் வழியே வரும் 'பிரின்ஸ்' என்ற சொல்லை நாம் தயங்காமல் 'இளவரசர்' என்று எழுதிவிடுகிறோம். ஜெர்மன் மொழியிலோ அந்த ஒரு சொல்லின் இடத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: 'ஃபியூர்ஸ்ட்' என்பவர் நாட்டை ஆள்பவர் அல்லது குடும்பத்தின் தலைவர், 'பிரின்ட்ஸ்' என்பவர் அக்குடும்பத்தில் பிறந்தவர். தமிழில் இளவரசர் என்றாலே அவருக்கு மேலே அரசர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள்படுவதால், தானே ஆட்சி செய்த ஒரு ஃபியூர்ஸ்டை அப்படி அழைத்தால், நாட்டின் அரசர் யார் என்று வாசகர் தேடத் தொடங்கிவிடுவார்.

ஆகவே, மூல ஆவணத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. ஃபியூர்ஸ்ட் என்றிருந்தால் 'சிற்றரசர்' அல்லது 'குறுநில மன்னர்' என்று எழுதலாம். இரண்டில் பின்னதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. பிரின்ட்ஸ் என்றிருந்தால் மட்டுமே இளவரசர். 'எர்ப்' என்ற முன்னொட்டோடு 'எர்ப்பிரின்ட்ஸ்' என்று வந்தால் அவர் அடுத்து ஆட்சிக்கு வரவேண்டிய பட்டத்து இளவரசர். அரசரின் வாரிசை 'குரோன்பிரின்ட்ஸ்' என்பார்கள். எர்ப்பிரின்ட்ஸ் என்பது பெரும்பாலும் கோமகன்கள், சிற்றரசர்கள் ஆகியோரின் வாரிசுகளுக்கு உரியது.

அடுத்து, பட்டத்தின் அடியில் நிலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1871-இல் உருவான ஜெர்மன் பேரரசில் ஃபியூர்ஸ்ட் ஆண்ட நாடுகள் ஏழு: லிப்பே, ஷௌம்பூர்க்-லிப்பே, வால்டெக், ஷ்வார்ட்ஸ்பூர்க்-ரூடோல்ஷ்டாட், ஷ்வார்ட்ஸ்பூர்க்-ஸோண்டர்ஸ்ஹௌசன், ராய்ஸ் மூத்த கிளை, ராய்ஸ் இளைய கிளை. இவற்றுள் ஒன்றின் பெயர் வந்தால் அவர் ஆட்சியாளராக இருக்கக்கூடும். ஆனால் அதே 1871-இல் பேரரசின் தலைமை அமைச்சரான பிஸ்மார்க்குக்கும் ஃபியூர்ஸ்ட் பட்டம் வழங்கப்பட்டது. அவர் எந்த நாட்டுக்கும் மன்னர் அல்லர். பட்டம் வேறு, ஆட்சி வேறு என்ற இந்த வேறுபாடு 1806 வரை ஜெர்மானிய நாடுகளைத் தன்னுள் கொண்டிருந்த பழைய புனித ரோமப் பேரரசின் காலத்திலேயே இருந்தது. லிக்டன்ஸ்டைன் குடும்பத்தார் 1608-இலேயே ஃபியூர்ஸ்ட் பட்டம் பெற்றிருந்தும், பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் தம்மிடம் இல்லாததால், பேரரசின் மன்றத்தில் தங்கள் நிலத்தின் பேரால் நிலையான இருக்கை பெற முடியாமல் இருந்தார்கள். அதற்காகவே அவர்கள் 1699-இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712-இல் வடூஸையும் விலைக்கு வாங்கினார்கள். 1719-இல் பேரரசர் ஆறாம் கார்ல் அவ்விரண்டையும் இணைத்துக் குடும்பத்தின் பெயரையே அந்த நாட்டுக்குச் சூட்டினார்.

'ஹெர்சோக்', அதாவது கோமகன், என்ற பட்டத்தில் இன்னும் கவனம் தேவை. நடு ஜெர்மனியிலுள்ள தூரிங்கியாவின் சாக்சன் குடும்பங்களில் ஆட்சி ஒருவருக்கே சென்றாலும் பட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சென்றது. விக்டோரியா அரசியை மணந்த ஆல்பர்ட், 'சாக்சனி ஹெர்சோக்' என்றும் 'சாக்ஸ-கோபூர்க்-கோத்தா பிரின்ட்ஸ்' என்றும் ஒருங்கே அழைக்கப்பட்டார். அவர் அந்த நாட்டை ஒருநாளும் ஆளவில்லை, ஆண்டவர் அவருடைய அண்ணன் இரண்டாம் எர்ன்ஸ்ட். மூத்த மகனுக்கு மட்டுமே பட்டம் செல்லும் இங்கிலாந்து வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஜெர்மன் வம்சாவளிகளைப் படித்தால் இங்கே தடுமாற நேரும்.

எண்களைப் படிப்பதும் ஒரு தனிப் பயிற்சிதான். ராய்ஸ் குடும்பத்தில் பிறந்த ஆண்கள் அனைவருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். ஆண்டவர்களுக்கு மட்டுமின்றிக் குழந்தையிலேயே இறந்தவர்களுக்கும் எண் உண்டு. மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது. இளைய கிளை ஏறத்தாழ ஒவ்வொரு நூற்றாண்டின் தொடக்கத்திலும் புதிதாக எண்ணத் தொடங்கியது. அதனால்தான் இளைய கிளையின் ஆட்சி வரிசையில் 62-ஆம் ஹைன்ரிக்கிற்குப் பிறகு 1854-இல் அவருடைய தம்பி 67-ஆம் ஹைன்ரிக்கும், 1867-இல் அவர் மகன் 14-ஆம் ஹைன்ரிக்கும், 1913-இல் இவர் மகன் 27-ஆம் ஹைன்ரிக்கும் வருகிறார்கள். இதை அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடக் கூடாது. ராய்ஸ் பெயர் எதைக் கண்டாலும் எண்ணோடு கிளையையும் பிறந்த ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. மூத்த கிளையின் கடைசி மன்னரான 24-ஆம் ஹைன்ரிக் 1902-இல் பட்டத்துக்கு வந்தும் உடல்நலக் குறைவால் ஆட்சி நடத்த இயலவில்லை. இளைய கிளையினரே அவருக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தினார்கள். இத்தகைய இடத்தில் மன்னர் பெயரோடு பொறுப்பாளர் பெயரையும் எழுதுவதே நேர்மை.

பரம்பரை என்றால் பிறப்பு மட்டும் போதாது, தாயின் குலநிலையும் கேட்கப்பட்டது. லிப்பேயில் 1895 முதல் 1905 வரை நீடித்த வாரிசுரிமை வழக்கு, அக்குடும்பத்தின் பீஸ்டர்ஃபெல்ட் கிளைக்கு மூதாதையான ஒரு பெண் சமகுலத்தவரா, அதாவது ஆளும் குடும்பங்களுக்கு இணையான குலத்தவரா, என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. இறுதியில் அக்கிளையின் நான்காம் லியோபோல்டுக்கே நாடு உரியது என்று தீர்ப்பாயிற்று. எனவே வம்சாவளியில் ஒரு மகன் தந்தையின் பட்டமின்றி வேறொரு குறைந்த பட்டத்தோடு நின்றால், அவர் பெற்றோரின் திருமணத்தைப் பற்றித் தேடிப் பாருங்கள்.

1806-ஐ ஒட்டிப் பல சிறு நாடுகள் பெரிய நாடுகளோடு இணைக்கப்பட்டன. அந்தக் குடும்பங்கள் ஆட்சியை இழந்தாலும் பட்டத்தையும் ஆளும் குடும்பங்களோடு சமகுல உரிமையையும் இழக்கவில்லை. 1825-இல் ஜெர்மன் கூட்டமைப்பு அக்குடும்பங்களின் தலைவர்களான ஃபியூர்ஸ்டுகளுக்கு 'டுர்ஷ்லௌக்ட்' (மேன்மை தங்கிய என்பது போன்றது) என்ற மரியாதை அடைமொழியை உறுதிசெய்தது. ஆகையால் மரியாதை அடைமொழியைக் கொண்டு ஒருவர் ஆட்சியாளர் என்று முடிவு செய்ய வேண்டாம்.

கடைசியாக ஆண்டைப் பாருங்கள். 1918 நவம்பரில் இந்த மன்னர்கள் அனைவரும் பதவி இழந்தார்கள். 1919 ஆகஸ்ட் 14 அன்று நடைமுறைக்கு வந்த, ஜெர்மன் குடியரசின் வைமார் அரசமைப்பின் 109-ஆம் பிரிவு, பட்டங்களைப் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தது. அன்றுமுதல் ஜெர்மனியில் 'பிரின்ட்ஸ்' என்பது சட்டப்படி குடும்பப் பெயரின் ஒரு பகுதி. தத்தெடுப்பாலும் அது ஒருவருக்கு வந்துசேரும். அப்படிப்பட்ட ஒருவரை 'இளவரசர்' என்று மொழிபெயர்ப்பது, குடும்பப் பெயரைப் பதவியாக்கிவிடுவதாகும். பெயரை ஒலிபெயர்த்து அப்படியே விடுங்கள். லிக்டன்ஸ்டைன் இதற்கு உட்படாத தனிநாடு என்பதால், அங்கே ஃபியூர்ஸ்ட் என்பவர் இன்றும் நாட்டின் தலைவர். அவரை மன்னர் என்றே எழுதலாம்.