சென்னைக்கு எதிரே கடல் எவ்வளவு உயர்கிறது? செயற்கைக்கோள் தரவில் கணக்குப் போடும் முறை

1992-இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன், பின்வந்த ஜேசன் வரிசை, 2020-இல் ஏறிய சென்டினல்-6 ஆகிய செயற்கைக்கோள்கள் 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பைக் கடலில் மோதவிட்டு, அது திரும்பும் நேரத்தை அளக்கின்றன. செயற்கைக்கோளின் உயரத்தில் இந்தத் தூரத்தைக் கழித்தால் கடல்மட்டம். கேட்கச் சுலபம்தான். ஆனால் உலர் காற்றின் தாமதம் மட்டுமே தூரத்தைச் சுமார் 2.3 மீட்டர் கூட்டிக் காட்டும். ஈரப்பதம், அயனிமண்டலம், அலையின் உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் உண்டு. நாம் தேடுவதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். ஆகவே கச்சாத் தரவில் கை வைக்காமல், திருத்தி முடித்த கட்டத் தரவையே (கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தருவது) எடுங்கள்.

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவகத்தில் இலவசக் கணக்குத் திறந்தால் 1993 முதல் 0.25 பாகைக் கட்டங்களில் கடல்மட்ட விலகல் (நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு) கிடைக்கும். மாதச் சராசரி போதும். எல்லாக் கோள்களையும் சேர்த்த வரைபடங்களும் வேறிடத்தில் உள்ளன; போக்கு காண அவை வேண்டாம். கோள்களின் எண்ணிக்கை காலப்போக்கில் மாறுவதால் தொடரின் சீர்மை கெடும். காலநிலைத் தொகுப்பில் எப்போதும் இரண்டே கோள்கள்.

வடக்கு 12–14, கிழக்கு 81–83 பாகைப் பெட்டியை வெட்டுங்கள். மொத்தம் 64 கட்டங்கள். கரையை ஒட்டி எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள்: ஈரப்பதம் அளக்கும் கருவியின் பார்வையில் நிலமும் விழுந்து திருத்தத்தையே கெடுக்கும். (2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சரல் செயற்கைக்கோள், கேஏ என்னும் உயர் அதிர்வெண் ரேடார் அலைவரிசை கடலில் சிறிய வட்டத்தையே தொடுவதால், கரைக்கு இன்னும் அருகில் அளந்தது.) ஓதமும் (நிலவு, சூரிய ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது) காற்றழுத்த விளைவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டவை, மறுபடி கழிக்க வேண்டாம்.

இனி சராசரித் தொடரில் ஒரு நேர்கோடு, ஓராண்டு அலை, அரையாண்டு அலை மூன்றையும் ஒன்றாகப் பொருத்துங்கள். ஆறு கெழுக்கள் வரும்: கோட்டுக்கு இரண்டு, ஒவ்வோர் அலைக்கும் இரண்டு. பலர் சறுக்குவது இங்கேதான். இந்தக் கரையில் கடல் மார்ச் வாக்கில் தாழ்ந்து நவம்பர் வாக்கில் உயரும். பருவ அலையை விட்டுவிட்டு, மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியும் தொடரில் வெறும் கோடு போட்டால் கோட்டின் சரிவு, அதாவது உயரும் வேகம், பொய்யாக அதிகமாகிவிடும். எல் நினோவும் (பசிபிக் கடல்வெப்ப மாற்றம்) இந்தியப் பெருங்கடல் இருமுனையும் (அக்கடலின் கிழக்கு, மேற்குப் பகுதிகளின் வெப்ப வேறுபாடு) கடல்மட்டத்தை ஆண்டுக்கு ஆண்டு ஆட்டுவதால், பத்து வருடத் தொடரை நம்பி எதுவும் சொல்லாதீர்கள்.

தரவு மீட்டரில் இருக்கும். சரிவை ஆண்டுக்கு மாற்றி 1,000-ஆல் பெருக்குங்கள். 1993 முதலான உலகச் சராசரி ஆண்டுக்கு 3 மி.மீ.க்குச் சற்று மேல். உங்களுக்கு 30 வந்தால் அலகு பிழை. டோபெக்ஸின் முதல் ரேடார் கருவியின் அளவு 1993–98-இல் மெல்லப் பிழையாக விலகியது. அதற்கான திருத்தம் தொகுப்பில் தனி மாறியாக இருக்கிறது, சராசரி எடுத்த பிறகு கூட்டுங்கள். அது உலகச் சராசரிக்காகச் செய்தது, சிறு பெட்டிக்கு உத்தேசம்தான்.

துறைமுக ஓதமானியோடு (கரையில் நின்று கடல்மட்டம் அளக்கும் கருவி) ஒப்பிட்டால் எண் பொருந்தாமல் போகலாம். ஓதமானி தான் நிற்கும் நிலத்திலிருந்து அளக்கிறது. நிலம் தாழ்ந்தால் அதுவும் கடல் உயர்வாகவே பதிவாகும்.