மாம்பழம், பால், இளநீர்: ஓவனில் வேகவைக்காத மூன்றடுக்குக் கடல்பாசி

மாம்பழ சீசனில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பழத்தை நறுக்கித் தட்டில் வைப்பதுதான் முறை. அதற்கும் ஒரு படி மேலே போய், கீழே மாம்பழ மஞ்சள், நடுவில் பால் வெள்ளை, மேலே கண்ணாடி மாதிரி இளநீர், அதற்குள் மாதுளை முத்துக்கள் என்று கடல்பாசி இனிப்பில் ஒரு துண்டை வெட்டி வைத்துப் பாருங்கள். ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், கிரீம் அடிக்கும் மிஷினும் வேண்டாம். ஒரு சாதாரணத் தட்டு, ஒரு சின்னப் பாத்திரம், டீ வடிகட்டி இருந்தால் போதும்.

இதைச் செய்யப் பயப்படுகிறவர்கள் எல்லாருக்கும் பயம் ஒரே இடத்தில்தான்: அடுக்குகள். ஒன்றோடொன்று கலங்கிப்போகிறது, இல்லாவிட்டால் வெட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு தனியாக வந்துவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் சூடும் நேரமும்தான். ஆகவே பொருட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன்.

ஏன் கடல்பாசி, ஏன் ஜெலட்டின் இல்லை?

ஜெல்லி மாதிரி உறையவைக்கும் இந்தக் கடல்பாசியைக் கடைகளில் சைனா கிராஸ், அகர் அகர் என்றும் கேட்டு வாங்கலாம். நோன்பு மாதத்தில் நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் கஞ்சியோடு தட்டில் இருக்குமே, அதே கடல்பாசிதான். ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. ஜெலட்டின் மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. சைவம் சாப்பிடுகிறவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் கடல்பாசிதான் வசதி.

அதைவிடப் பெரிய காரணம் வெயில். ஜெலட்டின் நம் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசைக்குக் கொண்டுபோவதற்குள் ஓரம் இளகும். கடல்பாசி 40 டிகிரியை ஒட்டி இறங்கும்போது உறையும். ஆனால் உறைந்தபின் திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். இந்த இடைவெளியை நம்பித்தான் மேலே மேலே சூடான அடுக்கு ஊற்றுகிறோம். ஆய்வுக்கூடங்களுக்கு இது போனதும் இதே காரணத்தால்தான். ஜெர்மனியில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் கோடையில் உருகிப்போகிறதே என்று தவித்தபோது, 1881இல் அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் லேப்களில் அதுதான் ஓடுகிறது.

தேவையானவை

7 அங்குலச் சதுரத் தட்டுக்கு இந்த அளவு. தட்டு இல்லையென்றால் ஆறு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றலாம்.

- கடல்பாசி இழை: 10 கிராம் பாக்கெட் ஒன்று
- நன்றாகக் கனிந்த மாம்பழம்: பெரியது 1 (விழுதாக 200 மி.லி. வேண்டும்)
- கெட்டியான பால்: 200 மி.லி.
- கண்டென்ஸ்டு மில்க்: 3 மேசைக்கரண்டி
- இளநீர்: 200 மி.லி., அதன் வழுக்கை
- சர்க்கரை: 4 முதல் 5 மேசைக்கரண்டி
- மாதுளை முத்து: ஒரு கைப்பிடி
- ஏலக்காய்த் தூள், உப்பு: ஒவ்வொரு சிட்டிகை

மாம்பழத்தில் பங்கனப்பள்ளி நல்லது. நார் இல்லை, நிறம் கிடைக்கும். அல்போன்சா கிடைத்தால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்குக் கறுத்தக்கொழும்பான் இருக்கிறது. இமாம்பசந்தை மட்டும் தயவுசெய்து இதில் போடாதீர்கள், அது அப்படியே சாப்பிடவேண்டிய பழம். சீசன் இல்லாத நாளில் டின்னில் வரும் மாம்பழக்கூழ் போதும். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், நம் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊறவைப்பதும் கரைப்பதும்

கடல்பாசி இழையைக் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டி, மூன்று கிண்ணங்களில் சமமாகப் பிரித்துப் போடுங்கள். எடைக்கருவி இல்லாவிட்டால் கண்மதிப்பு போதும். ஒவ்வொன்றும் முங்கும் அளவுக்குப் பச்சைத்தண்ணீர் விட்டு அரைமணி நேரம் ஊறட்டும். மூன்றையும் ஒன்றாகக் காய்ச்சிப் பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். முதல் அடுக்கு உறைவதற்குள் மீதி இரண்டும் பாத்திரத்திலேயே உறைந்துவிடும்.

ஒரு கிண்ணத்துப் பாசியைப் பிழிந்து, 150 மி.லி. தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே 6 முதல் 8 நிமிடம். தண்ணீர் வற்றி ஏறக்குறைய 100 மி.லி. நிற்கும். கரண்டியில் மொண்டு சாய்த்துப் பாருங்கள். கண்ணாடித் துணுக்கு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை என்று அர்த்தம். முழுக்கக் கரைந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே சர்க்கரை போட்டால் பாசி கரையத் தகராறு பண்ணும். நேராகப் பாலில் போட்டுக் காய்ச்சுகிறவர்களும் உண்டு. பால் அடிப்பிடிக்கும், கரைந்ததா இல்லையா என்று கண்ணுக்கும் தெரியாது. தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்துச் சேர்ப்பதுதான் புதியவர்களுக்குப் பத்திரம்.

முதல் அடுக்கு: மாம்பழம்

பழத்தை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரைத்து வடிகட்டுங்கள். இந்த விழுது ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கவே கூடாது. குளிர்ந்த விழுதில் கொதிக்கும் பாசியை ஊற்றினால், பட்ட இடத்திலேயே உறைந்து நூல் நூலாகத் திரியும். விழுதுக் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் உட்காரவைத்து, விரல் விட்டால் நன்றாக வெதுவெதுப்பாகத் தெரியும் வரை விடுங்கள். விழுதைப் பாசியோடு சேர்த்து அடுப்பில் கொதிக்கவைக்காதீர்கள். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் பாசியின் உறையும் சக்தி குறையும், பழத்தின் மணமும் போகும்.

பாசிக் கரைசலில் 2 மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு கரைத்து, வடிகட்டி வழியாக விழுதில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். தட்டில் ஊற்றுமுன் ஒரு சோதனை: ஃபிரீசரில் வைத்த சின்னத் தட்டில் ஒரு ஸ்பூன் விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் உறைந்து, விரலால் தள்ளினால் முழுசாக நகர வேண்டும். கூழாகப் பரவினால் கரைசலில் பாசி போதவில்லை. இன்னும் கொஞ்சம் இழையைத் தனியாகக் காய்ச்சிச் சேருங்கள். ரப்பர் போல் இருந்தால் வெதுவெதுப்பான விழுதோ தண்ணீரோ இரண்டு ஸ்பூன் விடுங்கள். கடைக்குக் கடை பாசியின் வீரியம் வேறுபடும். எந்த அளவுக் குறிப்பையும்விட இந்தத் தட்டுச் சோதனையை நம்பலாம்.

தட்டை நீரில் நனைத்து உதறிவிட்டு ஊற்றுங்கள். சமமான மேடையில் வையுங்கள். நம் சமையல் மேடைகள் பல தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும். அதனால் சாப்பாட்டு மேசைதான் நல்லது. மேலே நுரை இருந்தால் ஸ்பூனால் வழித்துவிடுங்கள்.

எப்போது அடுத்ததை ஊற்றுவது?

முதல் அடுக்கை ஊற்றிய கையோடு இரண்டாவது கிண்ணத்துப் பாசியை அடுப்பில் ஏற்றுங்கள். இது கரைவதற்கும் அது உறைவதற்கும் ஏறத்தாழ ஒரே நேரம் ஆகும். கடிகாரத்தை முழுக்க நம்பவேண்டாம். மார்கழியில் சீக்கிரம் உறைவது, அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறிக்கு அடியில்கூட இழுத்தடிக்கும். அப்போது தட்டை ஐஸ் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைக்கலாம்.

பார்க்கவேண்டியது இதுதான். தட்டின் பக்கத்தை லேசாகத் தட்டினால் நடுப்பகுதி குலுங்க வேண்டும், ஆனால் அலை அடிக்கக் கூடாது. ஓர் ஓரத்தில் விரல்நுனியை வைத்தால், காய்ச்சிய பாலில் ஆடை படர்ந்ததைத் தொட்டதுபோல மெல்லிய பிசுபிசுப்பு இருக்க வேண்டும், விரல் உள்ளே இறங்கக் கூடாது. அந்தப் பிசுபிசுப்பு இருக்கும்போதுதான் மேல் அடுக்கு வந்து பிடித்துக்கொள்ளும். மேல்பகுதி காய்ந்து வழவழப்பாகிவிட்டால் இரண்டும் ஒட்டாது. வெட்டும்போது தனித்தனியாக வரும்.

போன் வந்து பேசிக்கொண்டே இருந்துவிட்டீர்கள், முதல் அடுக்கு இறுகிவிட்டது என்றால், ஒரு ஃபோர்க்கால் மேல்பரப்பை லேசாகக் கீறிவிட்டு, அடுத்ததை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் ஊற்றுங்கள். முழுக்க ஒட்டாவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

மேலே ஊற்றுவதன் சூடும் முக்கியம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழே இருப்பது உருகி, மஞ்சளும் வெள்ளையும் குழம்பும். 60 டிகிரி சரியாக இருக்கும். தெர்மாமீட்டர் தேடி ஓடவேண்டாம். கொதிக்கும் பாசிக் கரைசல் ஒரு பங்கு, நல்ல வெதுவெதுப்பான திரவம் இரண்டு பங்கு கலந்தாலே அந்தச் சூட்டுக்கு வந்து நிற்கும். நம் அளவுகள் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது: பால்

பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, கண்டென்ஸ்டு மில்க், ஏலக்காய் சேருங்கள். பாசிக் கரைசலை வடித்துக் கலக்குங்கள். ஒரு குழிக்கரண்டியைக் கவிழ்த்து, தட்டின் பரப்புக்கு மிக அருகில் பிடித்து, அதன் முதுகின் மேல் மெல்ல வழியவிடுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் மாம்பழத்தில் குழி விழும்.

மாம்பழத்துக்குப் பதில் அன்னாசி போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை அன்னாசி கடல்பாசியை ஒன்றும் செய்யாது. ஆனால் அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பேற்றும். அன்னாசியைச் சர்க்கரையில் சில நிமிடம் நன்றாக வேகவைத்துவிட்டால் தொல்லை இல்லை. பப்பாளிக்கும் இதே எச்சரிக்கை.

மூன்றாவது: இளநீர்

இதைக் கொதிக்கவிட்டால் இளநீரின் ருசியே போய்விடும். கைபொறுக்கும் சூட்டுக்கு மட்டும் ஏற்றுங்கள். பாசிக் கரைசலில் மீதிச் சர்க்கரையைக் கரைத்து, துணியில் வடிகட்டிச் சேருங்கள். இந்த அடுக்குக்கு மட்டும் டீ வடிகட்டி போதாது, கலங்கல் தெரியும்.

பாலின் மேல் பாதியை ஊற்றி, லேசாக இறுக ஆரம்பித்ததும் வழுக்கைக் கீற்றுகளையும் மாதுளை முத்துக்களையும் தூவி, மீதியை ஊற்றுங்கள். மீதி காத்திருக்கும் நேரத்தில் அது பாத்திரத்திலேயே உறைந்துபோகாமல் இருக்கச் சுடுதண்ணீருக்குள் வைத்திருங்கள். உறைந்தாலும் நஷ்டமில்லை, சூடாக்கினால் திரும்ப இளகும். மாதுளையில் நசுங்கிய முத்து இருந்தால் பொறுக்கிவிடுங்கள், சிவப்பு கசியும்.

குளிரவைத்து வெட்டுவது

சூடு அடங்கியதும் மூடி ஃபிரிட்ஜில் 2 மணி நேரம். ஃபிரீசரில் வைக்கவே வைக்காதீர்கள். பாசி உறைபனியானால் உருகும்போது தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு ஸ்பாஞ்சாகிவிடும். நீங்கள் வாங்கிய காய்ந்த இழையே பாசிக் கூழை உறையவைத்து, உருகவிட்டு, உலர்த்தும் பழைய ஜப்பானிய வழியில் பிறந்ததுதான். அதை வீட்டில் திரும்பச் செய்யவேண்டாம்.

கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்தால்தான் பால் வெள்ளையில் மஞ்சள் தீற்றாது. முதல் துண்டை எடுப்பதுதான் சிரமம், அது எப்போதும் சமைத்தவருக்கு. டம்ளரில் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. டம்ளரை அரிசி நிரப்பிய கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தி முதல் அடுக்கை ஊற்றினால் கோணலான அடுக்கு கிடைக்கும், குழந்தைகள் அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாளே தட்டில் கொஞ்சம் தண்ணீர் விடும். அது கெட்டுப்போனதல்ல, பாசியின் சுபாவம். சாய்த்து வடித்துவிட்டால் சரி.

இழை கிடைக்காமல் பவுடர் வாங்கினால், அடுக்குக்குத் தலைதட்டி 1 டீஸ்பூன். பச்சைத்தண்ணீரில் தூவி ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு காய்ச்சுங்கள், நேரே கொதிநீரில் போட்டால் கட்டி தட்டும். நல்ல இளநீர் அமையாத நாளில் நன்னாரி சர்பத்தைத் தண்ணீரில் கரைத்து மூன்றாவது அடுக்காக ஊற்றலாம். சர்பத்தில் சர்க்கரை நிறைய இருக்கும், அந்த அடுக்குக்குத் தனிச் சர்க்கரை வேண்டாம்.