மருந்தைக் கூட்டும் முன் இரண்டு நிமிடம்

குழந்தைகள் ஐசியூவுக்குப் புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை உதைத்துத் திமிறினால் கை உடனே மிடசோலம் என்ற தூக்க மருந்தின் பம்புக்குப் போகும். போக விடாதீர்கள். ஆக்சிஜன் அளவு சரியா, ட்யூப் நகர்ந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டயப்பர், ட்ரிப் போட்ட கை, வயிறு. ஒரு நைட் டியூட்டியில் எட்டு மாதக் குழந்தைக்கு டாக்டரிடம் கேட்டு இரண்டு தடவை டோஸ் கூட்டினேன். அதன் பிறகுதான் பார்த்தேன், சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டேன், பை நிறைந்தது, குழந்தை தூங்கிவிட்டது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

மிடசோலம் தூங்க வைக்கும், வலியைப் போக்காது. அதனால் வலி மருந்துதான் முதலில். ஃபென்டனில் என்ற வலி மருந்தைப் பெரும்பாலும் கிலோவுக்கு மணிக்கு 1 மைக்ரோகிராமில் ஆரம்பிப்பார்கள். 10 கிலோ குழந்தை என்றால் 500 மைக்ரோகிராம் எடுத்து மொத்தம் 50 மில்லியாக்குங்கள். 1 மில்லியில் 10 மைக்ரோகிராம் இருக்கும், பம்பில் மணிக்கு 1 மில்லி வைத்தால் கணக்கு சரி. எடை, மருந்து, அலகு மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள், இன்னொரு சிஸ்டர் தனியாகக் கணக்குப் போடட்டும். புள்ளி ஓர் இடம் தள்ளினால் டோஸ் பத்து மடங்கு. இடையில் போடும் ஃபென்டனில் ஊசியை மெதுவாகவே செலுத்துங்கள். வேகமாகப் போனால் நெஞ்சுத் தசை இறுகி, வென்டிலேட்டரால்கூடக் காற்றைத் தள்ள முடியாமல் போகலாம்.

குழந்தை எவ்வளவு மயக்கத்தில் இருக்கிறது என்று ஸ்கோர் போடுவதற்கு, தொடாமல் இரண்டு நிமிடம் கட்டிலருகே நில்லுங்கள். அதற்கான கம்ஃபர்ட்-பி அளவுகோலில் 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மயக்கம் அதிகம், குறைக்கலாமா என்று கேளுங்கள். 22-ஐத் தாண்டினால் போதவில்லை. தசை தளர்த்தும் மருந்து ஓடும்போது இந்த ஸ்கோர் உதவாது. குழந்தையால் முகம்கூடச் சுளிக்க முடியாது. தொடும்போது நாடித்துடிப்பு எகிறுகிறதா, கண்ணோரம் நீர் கசிகிறதா என்று பாருங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் ஓடிய தூக்க மருந்தையோ வலி மருந்தையோ ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இறக்கும்போது வியர்வை, நடுக்கம், தும்மல், பேதி வரலாம். இந்த அறிகுறிகளை அளக்கும் வாட்-1 ஸ்கோர் 3 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இதையெல்லாம் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். "சிஸ்டர், காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கான்" என்று பலமுறை அவர்கள்தான் எனக்கு முன்னால் கண்டுபிடித்திருக்கிறார்கள்.